கரண்டு வைத்தால் களைப்பு ஏன்?

சென்ற ஆண்டு ஒரு நாள் வெப்பவியல் வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்தபோது மாணவன் ஒருவன் என்னை நிறுத்தினான். சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளத்துப் பையன். வகுப்பில் வாயே திறக்காதவன்.

"சார், எங்கம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆச்சு. இப்போ ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில கரண்டு வைக்கிறாங்க. சூடும் இல்லை, வலியும் இல்லைன்னு அம்மாவே சொல்றாங்க. மூணு நிமிஷத்தில முடிஞ்சிடுது. ஆனா வீட்டுக்கு வந்தா எந்திரிக்க முடியாமக் கிடக்காங்க. அந்தக் கரண்டு உடம்பிலேயே தங்கிடுதா சார்?"

அவன் கேட்டது ஒரு கேள்வியல்ல, இரண்டு கேள்விகள். கதிர் உடலில் தங்குகிறதா என்பது ஒன்று. சூடுகூடத் தெரியாத ஒன்று ஒரு மனுஷியை எப்படி இவ்வளவு களைப்படையச் செய்கிறது என்பது மற்றொன்று. உங்களில் சிலருக்கும் இதே கேள்விகள் வீட்டில் எழுந்திருக்கலாம். ஆகவே அவனுக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். நம் ஊர்களில் இதைக் 'கரண்டு வைப்பது' என்கிறார்கள். உண்மையில் நோயாளியின் உடலுக்குள் மின்னோட்டம் எதுவும் செல்வதில்லை. செல்வது ஒளியின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள். அவற்றை உண்டாக்க இரு வழிகள் உண்டு. எலெக்ட்ரான்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்துக்கு முடுக்கி, டங்ஸ்டன் போன்ற கனமான உலோகத்தின் மீது மோதவிட்டால் எக்ஸ் கதிர்கள் பிறக்கும். இதைச் செய்யும் பொறிக்கு நேர்கோட்டு முடுக்கி என்று பெயர். மற்றொரு வழி, கோபால்ட்-60 என்ற கதிரியக்கத் தனிமத்திலிருந்து தானே வெளிப்படும் காமாக் கதிர்களைப் பயன்படுத்துவது.

கோபால்ட் என்றதும் நம் மாநிலத்தின் வரலாறு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம் அவர் மனத்தில் பல ஆண்டுகள் கனன்றதன் பயனாக 1954-ல் சென்னை அடையாற்றில் சில குடிசைகளிலும் 12 படுக்கைகளிலுமாகத் தொடங்கியதுதான் புற்றுநோய் நிலையம். 1957-லேயே அங்கே கனடாவிலிருந்து கோபால்ட் சிகிச்சைப் பொறி வந்து சேர்ந்தது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 2021-ல் மறைந்த டாக்டர் சாந்தாவும் தங்கள் வாழ்நாளை அந்த நிலையத்துக்கே கொடுத்தார்கள். தென்மாவட்டங்களில் 'அடையாறு' என்றாலே இந்த நோய்க்கான ஆஸ்பத்திரி என்று பொருளானது அப்படித்தான்.

இனி பையனின் முதல் கேள்வி. கதிர் உடலில் தங்குமா? தங்காது. டார்ச் விளக்கைச் சுவரில் அடித்துவிட்டு அணைத்தால் சுவரில் வெளிச்சம் மிச்சம் இருக்கிறதா? இல்லை அல்லவா? அதைப்போலத்தான். பொறியை நிறுத்திய கணத்தில் கதிர் இல்லை. கோபால்ட் பொறியிலும் கதிரியக்கப் பொருள் கனத்த கவசத்துக்குள் பொறியிலேயே இருக்கிறது. நோயாளியின் உடலுக்கு வருவதில்லை. ஆகவே சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும் அம்மாவின் அருகில் உட்காரலாம், அவர் தட்டில் சாப்பிடலாம், கைக்குழந்தையை அவர் மடியில் கொடுக்கலாம். தட்டு தம்ளரைத் தனியே எடுத்து வைப்பதும், பிள்ளைகளைத் திண்ணைக்கு விரட்டுவதும் அறியாமை. (உடம்புக்குள் கதிரியக்கப் பொருளை வைத்தோ, குடிக்கக் கொடுத்தோ செய்யும் சிகிச்சைகளும் உண்டு. அவற்றுக்குத் தனி விதிகள். வெளியிலிருந்து செலுத்தும் இந்தச் சிகிச்சைக்கு அவை பொருந்தா.) களைத்துப்போன ஒருவரை ஒதுக்கியும் வைத்தால் அது அவருக்கு இரண்டாவது நோய்.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. அதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

உடல் ஏற்கும் கதிரின் அளவைக் 'கிரே' என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றுக்கொண்டால் அது ஒரு கிரே. மார்பகத்துக்கான சிகிச்சையில் இன்று பரவலாக உள்ள ஒரு முறையில் மொத்தம் 40 கிரே. அதை 15 பங்குகளாக்கி, நாள் ஒன்றுக்கு ஒரு பங்காகக் கொடுக்கிறார்கள். அப்படியானால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2.67 கிரே.

நீங்கள் படித்த வெப்பக் கணக்கை நினைவுபடுத்துங்கள். ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். திசுவையும் நீர் என்றே கொண்டால், 2.67 ஜூல் அதை எவ்வளவு சூடாக்கும்? வகுத்துப் பாருங்கள், ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரிகூட வராது. 40 கிரேயையும் ஒரே நேரத்தில் கொட்டினாலும் நூறில் ஒரு பங்கு டிகிரி அளவுதான். அம்மாவுக்குச் சூடு தெரியாததில் வியப்பில்லை. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 15 லிட்டர் தண்ணீர்க் குடத்தைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்க ஏறத்தாழ 150 ஜூல் வேலை செய்ய வேண்டும். ஒரு நாள் சிகிச்சையில் ஒரு கிலோகிராம் திசு பெறும் ஆற்றலைப்போல் இது ஐம்பது மடங்குக்கும் மேல்!

அப்படியானால் ஒரு குடம் தூக்குவதில் ஐம்பதில் ஒரு பங்கு ஆற்றல் ஒருவரைப் படுக்கையில் கிடத்துவது எப்படி? ஆற்றலின் அளவைப் பார்த்தால் விடை கிடைக்காது. அது எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு மரக்கால் மணலை ஓட்டுக்கூரையின் மேல் பரவலாகத் தூவுங்கள், ஒன்றும் ஆகாது. அதே எடையுள்ள ஒரு கல்லை மேலிருந்து போடுங்கள், ஓடு உடையும். வெப்பம் தூவிய மணலைப்போன்றது. எல்லா மூலக்கூறுகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் கல்லெறி. ஒரு மூலக்கூறில் அணுக்களைப் பிணைத்திருக்கும் பிணைப்பை அறுக்கச் சில எலெக்ட்ரான்-வோல்ட் ஆற்றலே போதும். கோபால்ட்-60 வெளிவிடும் ஒவ்வொரு காமாக் கதிர்த் துணுக்கும் பத்து லட்சம் எலெக்ட்ரான்-வோல்ட்டுக்கு மேல் சுமந்து வருகிறது. அது போகும் வழியில் எலெக்ட்ரான்களைத் தட்டிப் பறித்து, பிணைப்புகளை அறுத்துச் செல்கிறது.

அறுபடுவனவற்றுள் முக்கியமானது உயிரணுவின் கருவிலுள்ள டி.என்.ஏ. இழை. ஒரு கிரே கதிர் ஓர் உயிரணுவில் ஏறத்தாழ ஆயிரம் ஒற்றை இழை அறுப்புகளையும் சுமார் 40 இரட்டை இழை அறுப்புகளையும் உண்டாக்குகிறது. ஒற்றை இழை அறுந்தால் எதிர் இழையைப் பார்த்து உயிரணு எளிதில் தைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் ஆபத்து. 2.67 கிரேயில் அத்தகைய அறுப்புகள் ஓர் உயிரணுவுக்கு நூறு என்று கொள்ளலாம். நல்ல உயிரணுக்களிடம் பழுதுபார்க்கும் திறன் நன்றாக இருக்கிறது. மறுநாள் பங்கு வருவதற்குள் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடுகின்றன. புற்று உயிரணுக்கள் இதில் பின்தங்கியவை. அறுப்பு சரியாகாமலே பிளவுபட முயன்று அழிகின்றன. தினமும் கொஞ்சமாகக் கொடுப்பதன் காரணம் இதுதான். பாரிஸில் கிளாத் ரிகோ என்ற அறிஞர் ஆட்டுக்கிடாய்களை வைத்துச் செய்த சோதனைகள் 1920-களிலேயே இந்த வழியைக் காட்டின. ஒரே வேளையில் கொடுத்தால் தோலைப் புண்ணாக்கும் கதிர், பங்கிட்டுக் கொடுத்தபோது தோலைக் காத்து உள்ளே தன் வேலையைச் செய்தது.

ஆக, அம்மா பொறியின் கீழ்ப் படுத்திருக்கும் மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடுவதில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. மீதி இருபத்து மூன்று மணி நேரமும் உடல் தையல் வேலை பார்க்கிறது. அடிபட்ட திசு, காய்ச்சலின்போது நம்மைப் 'படு, எழுந்திராதே' என்று சொல்லும் அதே வகை இரசாயனத் தூதுகளை இரத்தத்தில் விடுகிறது. ஆகையால் கதிர் பட்டது ஓரிடம் என்றாலும் களைப்பது முழு உடல். இதனுடன் மற்றவையும் சேர்கின்றன: அறுவை சிகிச்சையின் இழப்பு, அதற்கு முன்போ பின்போ கொடுத்த மருந்துகள், தூக்கமின்மை, கவலை, இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. நோய் வருமுன்பே களைத்திருந்தவர்கள் அவர்கள். யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் களைப்பின் போக்கை அறிந்துகொள்வது மிக முக்கியம். முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. 'இவ்வளவுதானா' என்று அம்மா வழக்கம்போல் எல்லா வேலைகளையும் பார்ப்பார். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் அது மெல்ல ஏறும். சிகிச்சை முடியும் நாட்களிலும், முடிந்த பின் ஓரிரு வாரங்களிலும் உச்சத்தில் இருக்கும். பிறகு சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், இறங்கும். வீட்டார் ஏமாறும் இடம் இதுதான். 'அதுதான் எல்லாம் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன படுக்கை?' என்று கேட்கப்படுவது சரியாக உச்சக் களைப்பின்போது! கணக்குத் தெரிந்த நீங்கள் அப்படிக் கேட்க மாட்டீர்கள்.

களைப்பில் கதிருக்குச் சேராத பங்கு ஒன்றும் உண்டு. அது பஸ்ஸுக்குச் சேரும். குருவிகுளத்திலிருந்து சங்கரன்கோவிலிலோ கோவில்பட்டியிலோ வண்டி மாறித் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக 65 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 130. முன்பு வழக்கமாயிருந்த 25 நாள் முறையில் இது 3,250 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்கு இரயிலில் போனாலும் இவ்வளவு தூரம் இல்லை. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் என்றால் 125 மணி நேரம் பயணம். கதிர் பாய்ந்த நேரமோ, நாளுக்கு மூன்று நிமிடம் வீதம், மொத்தமே 75 நிமிடம்!

நாட்களைக் குறைக்க முடியாதா என்று மருத்துவ அறிஞர்களும் கேட்டார்கள். பிரிட்டனில் 2,215 பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று, 25 நாளில் 50 கிரே கொடுப்பதையும் 15 நாளில் 40 கிரே கொடுப்பதையும் ஒப்பிட்டது. அதன் முடிவு 2008-ல் வெளிவந்தது. பத்தாண்டு முடிவு 2013-ல். குறுகிய முறை நோயைக் கட்டுப்படுத்துவதில் சற்றும் பின்தங்கவில்லை. மேற்சொன்ன பயணக் கணக்கில் 1,300 கிலோமீட்டர் மிச்சம். அதே நாட்டில் 4,096 நோயாளிகளிடம் நடந்து 2020-ல் வெளியான மற்றோர் ஆய்வு, ஐந்தே நாளில் 26 கிரே கொடுப்பதும் ஈடானதே எனக் கண்டது. யாருக்கு எந்த முறை பொருந்தும் என்பதை மருத்துவர்தான் தீர்மானிப்பார். ஆனால் 'நாங்கள் இவ்வளவு தொலைவிலிருந்து வருகிறோம்' என்பதை அவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். சொன்னால்தானே தெரியும்? அருகில் உறவினர் வீட்டில் தங்க இயலுமா என்றும் பார்க்கலாம். பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: புற்றுநோய்ச் சிகிச்சைக்கான பயணத்துக்கு இரயில்வே கட்டணச் சலுகை தருகிறது, துணைக்குப் போகிறவருக்கும் உண்டு. மருத்துவமனையில் சான்றுப் படிவம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

களைப்பாக இருக்கிறது, இன்று வேண்டாம் என்று ஒரு நாளை விட்டுவிடலாமா? கூடாது. இடைவெளி நீண்டால் புற்று உயிரணுக்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைத்துவிடும். போக முடியாதபடி களைப்பு இருந்தால் அதையே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல், மூச்சுத் திணறல், தலைசுற்றி விழுதல் ஆகியவை சாதாரணக் களைப்பு அல்ல. அன்றைக்கே காட்ட வேண்டும். இரத்தசோகைக்கும் அவர் சோதித்துப் பார்ப்பார். கடையில் தாமே சத்து மாத்திரை வாங்கிக் கொடுப்பது வேண்டாம்.

இனி வீட்டு வேலை. கரிசல்காட்டு ஊர்களில் கோடையில் குழாய்த் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறை வரும்போது என்ன செய்கிறோம்? குடிக்க இவ்வளவு, சோறாக்க இவ்வளவு, மிஞ்சினால் துவைக்க என்று பங்கு வைக்கிறோம். முதல் நாளே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டுத் திண்டாடுவதில்லை. உடலின் தெம்பையும் அப்படியே பங்கு வைக்க வேண்டும். அம்மாவுக்குக் காலையில் தெம்பு இருக்கும். அதை அவர் எதற்குச் செலவழிக்க விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள். என் மாணவனின் தாயார், 'வாசல் தெளித்துக் கோலம் போடுவதை மட்டும் விடமாட்டேன்' என்றாராம். போடட்டும். அது வேலையல்ல, தாம் இன்னும் அந்த வீட்டின் அம்மா என்று அவர் தமக்கே காட்டிக்கொள்வது. குடம் சுமப்பது, மாவாட்டுவது, துணி அடித்துத் துவைப்பது எல்லாம் மற்றவர்கள் பங்கு. குடம் சுமப்பதற்கு வேறு காரணமும் உண்டு. அக்குளில் நெறிக்கட்டிகளை நீக்கியிருந்தால், மருத்துவர் சரியென்று சொல்லும்வரை அந்தப் பக்கத்துக் கையில் பாரம் கூடாது. அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தவறு. சொல்லிக் கொடுத்த தோள் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். சிகிச்சையின்போது கையைத் தலைக்குமேல் தூக்கிப் படுக்க வேண்டுமே!

இதைப் படிக்கும் பையன்களுக்கு ஒரு வார்த்தை. 'அக்கா இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள்' என்று நழுவாதீர்கள். ஒரு படி அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், எப்போது வடிக்க வேண்டும் என்பதும் ஒரு பௌதிகப் பாடம்தான். தேர்வில் வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுப்புச் சூடு, உச்சி வெயில் இரண்டும் கதிர் பட்ட தோலுக்கு ஆகாது. ஆகவே விறகடுப்பின் முன்னால் அம்மா உட்காரவே வேண்டாம். தளர்வான பருத்தித் துணி நல்லது. அந்த இடத்தில் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதையும் கேட்காமல் பூசக்கூடாது. குறிக்காகப் போட்ட மைக்கோடுகளைத் தேய்த்துக் குளித்து அழித்துவிடவும் கூடாது.

உணவில் பத்தியம் என்று எதையெல்லாமோ நிறுத்துகிறார்கள். பழுதுபார்க்கும் கொத்தனாருக்குச் செங்கல் கொடுக்காமல் சுவரைக் கட்டு என்பதுபோல இருக்கிறது இது. பருப்பு, முட்டை, மீன், பால், நிலக்கடலை, கம்பஞ்சோறு, கீரை எல்லாம் வேண்டும். ஒரே வேளையில் நிறையச் செல்லாவிட்டால் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பஸ்ஸில் போகும்போது ஒரு தூக்குவாளியில் ஏதாவது இருக்கட்டும்.

கடைசியாக, நம்புவதற்குக் கடினமான ஒன்று: இந்தக் களைப்புக்குப் படுத்தே இருப்பது மருந்தல்ல. அமெரிக்காவில் விக்டோரியா மோக் என்ற செவிலியர் ஆராய்ச்சியாளர், மார்பகக் கதிர்ச் சிகிச்சை பெற்ற 46 பெண்களிடம் ஓர் ஆய்வு செய்து 1997-ல் வெளியிட்டார். அவர்களில் ஒரு பகுதியினர் வாரத்துக்கு நான்கைந்து நாள், இருபது முப்பது நிமிடம், தங்களுக்கு ஏற்ற வேகத்தில் நடந்தார்கள். நடந்தவர்களுக்குக் களைப்பு குறைவாகவும் தூக்கம் மேலாகவும் இருந்தது. அதன்பின் வந்த பல ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன. அசையாத தசை நாளுக்கு நாள் நலிந்து, சிறு வேலைக்கும் சோர்ந்துவிடுகிறது என்பதே காரணம். ஆகவே வெயில் தாழ்ந்த பின் கண்மாய்க்கரை வரை அம்மாவோடு நீங்களும் நடந்து வாருங்கள். பகலில் படுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்துவிடட்டும்; இல்லாவிட்டால் இரவுத் தூக்கம் போய்விடும்.

அந்த மாணவனுக்கு நான் ஒரு சோதனை கொடுத்தேன். தினமும் இரவு ஏழு மணிக்கு அம்மாவிடம் ஒரே கேள்வி: இன்றைய களைப்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்? அதை வரைபடத் தாளில் குறிக்க வேண்டும். கிடைமட்ட அச்சில் நாள், செங்குத்து அச்சில் களைப்பு. சிகிச்சை முடிந்த பிறகும் ஆறு வாரம் விடாமல் குறிக்க வேண்டும். வாரம் ஒருமுறை மருத்துவரிடம் அதைக் காட்ட வேண்டும். 'ரொம்ப அசதியா இருக்கு' என்று சொல்வதைவிட அந்தத் தாள் தெளிவாகப் பேசும்.

இரண்டு மாதம் கழித்துத் தாளைக் கொண்டுவந்தான். அழகான வளைகோடு. சனி, ஞாயிறு பொறிக்கு விடுமுறை. அந்த இடங்களில் சிறுசிறு பள்ளங்கள். மூன்றாம் வாரத்தில் ஏற்றம். கடைசிப் பங்கு முடிந்த ஆறாம் நாளில் உச்சம்: எட்டு. பிறகு ஏழு, ஆறு, ஐந்து என்று இறக்கம். இரண்டில் வந்து நிற்கும் தறுவாயில் ஒரே ஒரு புள்ளி மட்டும் விண்ணென்று ஏழுக்குத் தாவியிருந்தது.

"இது என்னப்பா? தப்பாகக் குறித்துவிட்டாயா?" என்றேன்.

"இல்லை சார். அன்னைக்கு எங்க அக்காவுக்கு வளைகாப்பு. வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் கேக்காம, அம்மா நின்னுக்கிட்டே ஊருக்கெல்லாம் முறுக்குச் சுட்டாங்க."